ஹோலஷோவிட்ஸே: இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய கிராமம்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன தடவை செக் நாட்டோட தென்கோடியில இருக்கிற செஸ்கி க்ரும்லோவ் நகரத்தைப் பத்திப் பேசினோம். கோட்டை, ஆறு, கூட்டம், அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாம நகர நடுவுல குடியிருந்தவங்க வெளியேறினது எல்லாம் பார்த்தோம். அங்கிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் போல போனா ஒரு சின்ன கிராமம். மொத்த ஜனத்தொகை நூத்தி நாப்பது பேர் அளவுக்குத்தான் இருக்கும். கோட்டை கிடையாது, பெரிய தேவாலயம் கிடையாது, பிரபலமான யாரும் அங்கே பிறக்கவும் இல்லை. ஆனா 1998-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல அந்தக் கிராமம் முழுசா சேர்ந்திருக்கு. பெயர் ஹோலஷோவிட்ஸே.

உச்சரிப்பைப் பத்தி ஒரு வார்த்தை. செக் மொழியில எழுதியிருக்கிறதை ஆங்கிலம் மாதிரி படிச்சா ‘ஹோலசோவைஸ்’னு வரும். அப்படிச் சொன்னா பஸ் டிரைவருக்குப் புரியாது. கடைசி எழுத்து ‘ட்ஸே’.

பக்கத்து பெரிய ஊர் செஸ்கே புத்யெயோவிட்ஸே. ஜெர்மன்ல புத்வைஸ். பட்வைசர்ங்கிற பீர் பெயர் வந்தது இந்த ஊர்லேர்ந்துதான். அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம்னு செக் காரங்களும் அமெரிக்கக் கம்பெனியும் நூறு வருஷத்துக்கு மேல கோர்ட்டுல மல்லுக்கட்டின கதையை இன்னொரு நாள் பேசலாம். இப்ப நமக்கு வேண்டியது ஒரு தேதிதான். புத்யெயோவிட்ஸே நகரத்தை இரண்டாம் ஒட்டகர் மன்னர் நிறுவினது 1265-ல. ஹோலஷோவிட்ஸே பெயர் ஆவணத்துல முதல்ல வர்றது 1263-ல. அதாவது இந்தக் கிராமம் அந்த நகரத்தைவிட மூத்தது.

மடத்துக்கு எழுதிக் கொடுத்த ஊர்

1292-ல இரண்டாம் வாட்ஸ்லாவ் மன்னர் இந்த ஊரை விஷ்ஷி ப்ரோத்ங்கிற இடத்துல இருந்த சிஸ்டர்சியன் துறவிகளோட மடத்துக்குக் கொடுத்துட்டார். ஊரைன்னா நிலம், குளம் மட்டுமில்ல. அங்கே உழுத குடியானவங்களும் சேர்த்துத்தான். அன்னையிலேர்ந்து 1848 வரைக்கும், ஐந்நூத்தி ஐம்பது வருஷத்துக்கு மேல, இந்த ஊருக்கு எஜமான் அந்த மடம்தான். வரி அங்கே போகும். தானியத்துல பங்கு அங்கே போகும். மடத்து நிலத்துல கூலியில்லாம உழைக்கவும் போகணும். இந்தக் கட்டாய உழைப்புக்கு செக் மொழியில ‘ரோபொத்தா’னு பேர். நாம இன்னிக்குச் சொல்ற ‘ரோபோ’ங்கிற வார்த்தை இதுலேர்ந்து வந்ததுதான். 1920-ல கரெல் சாபெக் தன்னோட நாடகத்துல மனுஷன் செஞ்ச வேலையாட்களுக்கு அந்தப் பெயரை வெச்சார். வார்த்தையை யோசிச்சுக் கொடுத்தது அவரோட அண்ணன் யோசெஃப்.

மடம் முன்னூறு வருஷம்கூட ஆண்டிருக்காது, அதுக்குள்ள கொள்ளை நோய் வந்தது. 1520-லேர்ந்து 1525-க்குள்ள பிளேக் இந்த ஊரைத் துடைச்சுட்டுப் போயிடுச்சு. உயிரோட மிஞ்சினவங்க இரண்டே பேர். ஊரோட வடக்குப் பக்கம், செத்தவங்களை மொத்தமா புதைச்ச இடத்துல, பின்னாடி நினைவுக்கு ஒரு தூண் வெச்சாங்க. அது இன்னும் நிக்குது. ஹோலஷோவிட்ஸே போறவங்கள்ல பெரும்பாலானவங்க ஊர் நடுவுல போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. என்னைக் கேட்டா முதல்ல அந்தத் தூணைப் பார்த்துட்டு அப்புறம் ஊருக்குள்ள வரணும்னு சொல்வேன். ஏன்னா அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் அந்த இடத்துலேர்ந்துதான் தொடங்குது.

ஆள் இல்லாத நிலத்துல மடத்துக்கு வருமானம் இல்லை. அதனால மடம் வெளியிலேர்ந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேத்திச்சு. பவேரியாவிலேர்ந்தும் ஆஸ்திரியப் பக்கத்திலேர்ந்தும் ஜெர்மன் பேசுறவங்க வந்தாங்க. 1530-ல மடம் எடுத்த சொத்துக் கணக்குல ஊர்க்காரங்க பதினேழு பேர் பெயர் இருக்கு. ஐந்தே வருஷத்துல ஊர் மறுபடி மூச்சு விட ஆரம்பிச்சிருக்கு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. வந்தவங்க புது ஆட்கள், புது மொழி. ஆனா ஊரை அவங்க புதுசா அளக்கலை. நடுவுல நீளமான புல்வெளி, அதுல குளம், சுத்தி ரெண்டு பக்கமும் மனைக்கட்டுகள், ஒவ்வொரு மனைக்கும் பின்னாடி நீளமா தோட்டம், அதுக்கப்புறம் வயல். இந்த அமைப்பு நோய்க்கு முன்னாடி இருந்தது, பின்னாடியும் அப்படியே தொடர்ந்தது. வீடு இடிஞ்சிருக்கு, எரிஞ்சிருக்கு, மரத்துலேர்ந்து செங்கல்லுக்கு மாறியிருக்கு. மனையோட எல்லைக்கோடு மட்டும் பெருசா நகரலை. இன்னிக்கு நீங்க அந்தப் புல்வெளியில நின்னா, கண்ணுக்குத் தெரியுற சுவர்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு. காலுக்குக் கீழே இருக்கிற வரைபடம் இடைக்காலம். யுனெஸ்கோ இந்த ஊரை எடுத்துக்கிட்டதுக்கு அழகு மட்டும் காரணமில்ல, இந்த ரெண்டும் ஒரே இடத்துல முழுசா மிஞ்சியிருக்கிறதும்தான்.

முகப்பு மட்டும் ஏன் இவ்வளவு அலங்காரம்?

புல்வெளி சுமார் 210 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அதைச் சுத்தி 23 பண்ணை வீடுகள். ஒவ்வொண்ணுலயும் வீடு, களஞ்சியம், தொழுவம், வைக்கோல் கொட்டகைனு பல கட்டடங்கள் இருக்கிறதால, மொத்தம் 120 கட்டடம் கணக்குல வருது. எல்லா வீடும் பக்கவாட்டுச் சுவரைக் காட்டாம, கூரை முக்கோணமா முடியற குறுகின பக்கத்தைத்தான் புல்வெளிக்குக் காட்டி நிக்குது. காரணம் சாதாரணம்தான். மனை அகலம் குறைவு, நீளம் அதிகம். வீட்டை நீளவாக்குல உள்ளே தள்ளிக் கட்டினாத்தான் எல்லாருக்கும் தெருவைப் பார்த்து ஒரு இடம் கிடைக்கும்.

அப்ப ஒரு குடியானவன் தன் வசதியை ஊருக்குக் காட்டணும்னா அவனுக்குக் கிடைக்கிற பலகை அந்த முக்கோணச் சுவர் மட்டும்தான். அதுல வளைவு நெளிவா விளிம்பு, சுண்ணாம்புக் காரையில பூ, கொடி, சுருள், கட்டின வருஷம். மேல வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, வெளிர் சிவப்பு. உள்ளே போனா தொழுவம், சாணம், வைக்கோல்னு எல்லா விவசாய வீடும் போலத்தான். முன்னாடி பார்த்தா சின்ன அரண்மனை.

இந்தப் பாணிக்கு ‘தென் பொஹீமிய நாட்டுப்புற பரோக்’னு பேர். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பரோக்ங்கிறது தேவாலயங்கள்லயும் பிரபுக்களோட மாளிகைகள்லயும் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுல கொடிகட்டிப் பறந்த பாணி. கிராமத்துக் கொத்தனார்கள் இதை எடுத்துக்கிட்டு விளையாடின காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. அதாவது நகரத்துல மவுசு போய் பல பத்தாண்டு கழிச்சு. கலை வரலாற்றுக்காரங்க சிலர் இதைக் கொஞ்சம் இளக்காரமா, தாமதமா வந்த நகல்னு சொல்வாங்க. எனக்கு அதுல சம்மதமில்லை. நகல்னா ஒரே மாதிரி இருக்கணுமே! இங்கே ரெண்டு முகப்பு ஒண்ணுபோல இல்லை. பரோக், ரொகோகோ, கிளாசிக் எல்லாத்துலேர்ந்தும் பிடிச்சதை எடுத்து, தனக்குத் தெரிஞ்ச காரையில, தன் கை வாட்டத்துக்கு செஞ்சிருக்காங்க.

சரி, காசு எங்கேர்ந்து வந்தது? 1781-ல இரண்டாம் யோசெஃப் பேரரசர் பண்ணையடிமை முறையைத் தளர்த்தினார். ஊரை விட்டுப் போகவும், கல்யாணம் பண்ணவும், பையனைத் தொழில் கத்துக்க அனுப்பவும் எஜமான்கிட்ட அனுமதி கேட்டு நிக்க வேண்டியதில்லைனு ஆச்சு. ஆனா கட்டாய உழைப்பு நின்னது 1848 புரட்சிக்கு அப்புறம்தான். அந்த வருஷம் செப்டம்பர்ல வந்த சட்டத்தோட, மடத்தோட பிடியும் போச்சு. வாரத்துல பல நாள் மடத்து வயலுக்குப் போன மாடும் ஆளும் இப்ப சொந்த வயலுக்கு. விளைஞ்சதை புத்யெயோவிட்ஸே சந்தையில வித்தா காசு தன் கைக்கு. கூடவே, தீ விபத்துக்குப் பயந்து மரவீட்டுக்கு பதிலா செங்கல்லும் ஓடும் போடணும்னு அரசாங்கமும் நெருக்கிக்கிட்டிருந்தது. எப்படியும் சுவரை மாத்தியாகணும். கையில காசும் இருக்கு. அப்ப கொஞ்சம் நல்லாவே கட்டுவோம்னு ஆளாளுக்கு இறங்கிட்டாங்க. அதனாலதான் முகப்புகள்ல இருக்கிற வருஷங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டோட நடுப்பகுதியைச் சுத்தியே நிறைய வருது.

ரெட்டை முகப்பும் வயசான அப்பா அம்மாவும்

பல பண்ணைகள்ல ஒரு முகப்பு இல்லை, ரெண்டு. பெரிய முகப்பு ஒண்ணு, பக்கத்துலயே சின்ன முகப்பு ஒண்ணு, நடுவுல மதில். மதில்ல வண்டி போற பெரிய வளைவு வாசல், பக்கத்துல ஆள் போற சின்ன வாசல். பெரிய முகப்பு குடியிருக்கிற வீடு. சின்ன முகப்பு சில இடத்துல தானியக் களஞ்சியம், சில இடத்துல ‘வீமினெக்’.

இந்த வீமினெக்கைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசாம என்னால போக முடியாது. மத்திய ஐரோப்பா முழுக்க இருந்த வழக்கம் இது. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, பையனுக்குக் கல்யாணம் ஆகப்போகுது. அப்பா பண்ணையை ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துட்டு, அம்மாவோட சின்ன வீட்டுக்கு மாறிடுவார். மாறுறதுக்கு முன்னாடி ஒப்பந்தம். வாய்ப்பேச்சு இல்லை, எழுத்துல. வருஷத்துக்கு இத்தனை படி கோதுமை, கம்பு ரகம், இத்தனை முட்டை, பால், வெண்ணெய், விறகு, தோட்டத்துல எந்த மரத்துப் பழம் யாருக்கு, எந்தப் பாதை வழியா நடக்கலாம்ங்கிற வரைக்கும் எழுதுவாங்க. பையன் கொடுக்கலைனா கேஸ் போடலாம், போட்டவங்களும் உண்டு.

கேக்கறப்ப கல்நெஞ்சா தோணும். பெத்தவங்களுக்குச் சோறு போட பத்திரமா? ஆனா இன்னொரு பக்கம் யோசிச்சுப் பாருங்க. மருமகள் முகத்தைப் பார்த்து, பையன் மனசைப் பார்த்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற நிலைமை அந்த வயசான ரெண்டு பேருக்கும் கிடையாது. அது அவங்க உரிமை, பத்திரத்துல இருக்கு. அந்த உரிமைக்கு ஊருக்கு முன்னாடியே ஒரு முகப்பும் கட்டியிருக்காங்க. வழிகாட்டிகள் இந்த ரெட்டை முகப்பை ‘சமச்சீர் அழகு’னு சொல்லிட்டுப் போவாங்க. அழகுக்குப் பின்னாடி இப்படி ஒரு குடும்பக் கணக்கு இருக்கு.

புல்வெளி நடுவுல

குளத்துக்குப் பக்கத்துல சின்ன தேவாலயம், 1755-ல கட்டினது. புனித நெபோமுக் யோவானுக்கு. இவர் பிராகாவுல இருந்த குருவானவர். 1393-ல மன்னரோட ஆட்கள் சித்திரவதை பண்ணி வல்டாவா ஆத்துல தள்ளிட்டாங்க. அரசி பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை மன்னர்கிட்ட சொல்ல மறுத்ததாலதான் கொன்னாங்கங்கிறது பின்னாடி வளர்ந்த கதை. 1729-ல ரோம் இவரைப் புனிதர்னு அறிவிச்சது. தண்ணியில செத்தவர் தண்ணிக்குக் காவல் ஆயிட்டார். செக் நாட்டுல எந்தப் பழைய பாலத்துலயும் இவர் சிலையைப் பார்க்கலாம். குளத்தைச் சுத்தி வாழற ஊருக்கு இவர் பொருத்தம்தான். அறிவிச்ச இருபத்தாறு வருஷத்துல இந்தக் குக்கிராமம் வரைக்கும் வந்துட்டார்னா, அப்பத்திய கத்தோலிக்கப் பிரச்சாரம் எவ்வளவு வேகமா போயிருக்குனு பாருங்க.

பக்கத்துலயே ஒரு கொல்லன் பட்டறை, ஒரு சிலுவை. பட்டறை வீட்டு வரிசையில இல்லாம வெட்டவெளியில நிக்கிறதைப் பார்த்தா ஊர்க்காரங்களோட தீ பயம் புரியும். உலையிலேர்ந்து பறக்கிற பொறி கூரைக்குப் போகக்கூடாது, அப்படிப் போனாலும் அள்ளி ஊத்த குளம் கைக்கெட்டுற தூரத்துல.

ரெண்டாவது தடவை காலியானது

1895-ல ஊர்ல 157 ஜெர்மன்காரங்க, 19 செக் காரங்க. அந்த அழகான முகப்புகளைக் கட்டினதும், வீமினெக் பத்திரம் எழுதினதும் பெரும்பாலும் ஜெர்மன் பேசின குடும்பங்கள்தான். இரண்டாம் உலகப் போர் வரைக்கும் அவங்கதான் பெரும்பான்மை.

போர்ல செக் மக்கள் பட்டது கொஞ்சமில்லை. ம்யூனிக் ஒப்பந்தம், ஆக்கிரமிப்பு, லிடிட்ஸே கிராமத்தை ஒரே நாள்ல அழிச்சது. 1945-ல அந்தக் கோபம் மொத்தமா ஜெர்மன் பேசுறவங்க மேல திரும்பிச்சு. குடியுரிமை போச்சு, சொத்து பறிமுதல். 1945-லயும் 1946-லயும் செக்கோஸ்லோவாக்கியாவுலேர்ந்து சுமார் முப்பது லட்சம் ஜெர்மன்காரங்களை வெளியேத்தினாங்க. அதுல நாஜிக்களை ஆதரிச்சவங்க நிறைய பேர் உண்டு. ஆதரிக்காதவங்களும், குழந்தைகளும், வீமினெக்குல இருந்த கிழவன் கிழவிகளும் உண்டு. தலைக்கு முப்பதோ ஐம்பதோ கிலோ மூட்டையோட, நானூறு வருஷமா இருந்த ஊரை விட்டு ஹோலஷோவிட்ஸே ஜெர்மன்காரங்களும் போனாங்க.

செக் குடும்பங்கள் கொஞ்சம் வந்து குடியேறினாங்க. ஆனா நிறைய வீடு பூட்டியே கிடந்தது. 1949-லேர்ந்து கூட்டுப் பண்ணைச் சட்டம் வந்து வயலெல்லாம் ஒண்ணாச்சு. நிலம் சொந்தமில்லைன்னா களஞ்சியம் எதுக்கு, இத்தனை பெரிய தொழுவம் எதுக்கு? கூரை ஒழுகிச்சு, காரை உதிர்ந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். அதே கம்யூனிஸ்ட் காலத்துல, கொஞ்சம் வசதியா இருந்த மத்த செக் கிராமங்கள்ல ஜனங்க பழைய முகப்பை இடிச்சு, அகலமான ஜன்னல் வெச்சு, சாம்பல் நிற சிமெண்ட் பூசி, பெட்டி மாதிரி புது வீடு கட்டிக்கிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. குளிருக்கு அடக்கமான, வெளிச்சமான வீடு யாருக்குத்தான் வேண்டாம்? எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல, ஆள் போயிட்ட நூத்துக்கணக்கான கிராமங்களை ராணுவமும் அரசும் தரைமட்டமாக்கிடுச்சு. ஹோலஷோவிட்ஸே ரெண்டுலயும் சிக்கலை. இடிக்கிற அளவுக்கு எல்லைக்குக் கிட்ட இல்லை, மாத்திக் கட்டுற அளவுக்கு ஆளும் காசும் இல்லை. இன்னிக்கு நாம ரசிக்கிற அந்த ‘முழுசா மிஞ்சின கிராமம்’, கட்டினவங்களைத் துரத்தினதாலயும், அப்புறம் யாரும் சீண்டாததாலயும் மிஞ்சினது. இதைச் சொல்லாம முகப்பை மட்டும் காட்டுற சுற்றுலா வீடியோக்கள் எனக்கு ஒப்பலை.

1990-க்கு அப்புறம் வேலை ஆரம்பிச்சது. ஒவ்வொரு வீடா சரிபண்ணி, ஆட்கள் குடியேறினாங்க. 1995-ல அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட கிராமமா அறிவிச்சது, மூணே வருஷத்துல யுனெஸ்கோ. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம், ஜன்னல் சட்டம் மரமா பிளாஸ்டிக்கா, கூரையில என்ன ஓடுங்கிறதெல்லாம் இப்ப வீட்டுக்காரர் மட்டும் முடிவு பண்ற விஷயமில்லை, பாரம்பரியத் துறை ஒப்புக்கணும். பதிலுக்கு மராமத்துக்கு மானியம் கிடைக்க வழி இருக்கு.

போறவங்களுக்கு

புத்யெயோவிட்ஸேலேர்ந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போல. பஸ் உண்டு, ஆனா அடிக்கடி கிடையாது, சனி ஞாயிறு இன்னும் குறைவு. திரும்புற நேரத்தைப் பார்த்துக்கிட்டு கிளம்புங்க. சைக்கிள்ல போனா இன்னும் நல்லது, வழி பெரும்பாலும் சமதரை. ஜூலைல கிராமியத் திருவிழா நடக்கும், கைவினைஞர்கள் கடை போடுவாங்க, அப்ப புல்வெளியே தெரியாத அளவுக்குக் கூட்டம். முகப்பைப் பார்க்கணும்னா வேற நாள் போங்க, காலையில போங்க.

உள்ளே பார்க்க ஒரு சின்ன பண்ணை அருங்காட்சியகம் இருக்கு. மத்ததெல்லாம் ஜனங்க குடியிருக்கிற வீடு. கேட் திறந்திருந்தா கண்காட்சினு அர்த்தமில்லை, யாரோ மாட்டுக்கோ காருக்கோ திறந்து வெச்சிருக்காங்கனு அர்த்தம். உள்ளே எட்டிப் பார்த்து போன் நீட்டாதீங்க.

இன்னொண்ணு. ஊருக்கு வெளியே வட்டமா நட்ட பெரிய கற்கள் இருக்கு. இதுக்கு எத்தனை ஆயிரம் வயசுனு ஒரு நேயர் கேட்டு எழுதியிருந்தார். ஆயிரமும் இல்லை, நூறும் இல்லைங்க. இந்த நூற்றாண்டுல ஊர்க்காரர் ஒருத்தர் தன் நிலத்துல நட்டது. நிழல் இருக்கு, காத்து வருது, ரொட்டி கொண்டுபோனா உக்காந்து சாப்பிடலாம்.

அடுத்த எபிசோட்ல ஹங்கேரி. 1987-லயே யுனெஸ்கோ பட்டியலுக்குப் போன ஹொல்லோக்கோ கிராமம். 1909-ல எரிஞ்சுபோன ஊரைப் பழைய மாதிரியே திரும்பக் கட்டினவங்க கதை.